பிரதம அதிதி ஸ்கூட்டியில் வருவார்

திருகோணமலையில் எதைத் திறப்பதென்றாலும் அப்பாவைக் கூப்பிடுவார்கள். வாசிகசாலை, பொதுக்கிணறு, முன்பள்ளி ஊஞ்சல். ஒருமுறை மரண உதவிச் சங்கமொன்று வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகளையும் திறந்து வைத்தார். கதிரையை எப்படித் திறப்பது என்று சங்கத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அப்பா கொஞ்சம் யோசித்தார். அடுக்கின் மேல் கட்டியிருந்த நாடாவை வெட்டினார், உச்சிக் கதிரையை இறக்கி நிலத்தில் வைத்தார், அதில் உட்கார்ந்தார். கூட்டம் கைதட்டியது.

அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் சாமசிறி, தேசகீர்த்தி என்று இரண்டு பட்டங்கள் வரும். பின்னால், சமாதான நீதவான், ஓய்வுபெற்ற துறைமுக நிருவாக உத்தியோகத்தர் என்று வரும். இரண்டுக்கும் நடுவில், இடம் மிச்சமிருந்தால், ஞானசேகரம் என்று வரும்.

எங்கள் ஊரில் அதிதிகள் மூன்று தட்டு. குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றுகிறவர் பிரதம அதிதி. செலவில் பங்கு எடுத்தவர் சிறப்பு அதிதி. கூப்பிடாவிட்டால் கோபிக்கக்கூடியவர் கௌரவ அதிதி. அப்பா எப்போதும் பிரதம அதிதிதான். அதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவர் நேரத்துக்கு வருவார், அரசியல் பேசமாட்டார், வாகனம் அனுப்பச் சொல்லிக் கேட்கமாட்டார்.

வாகனம் நான். என்னுடைய நீல ஸ்கூட்டி.

தொடக்கத்தில் இதில் கொஞ்சம் ஒளிப்புமறைப்பு இருந்தது. விழா நடக்கும் இடத்துக்கு முந்திய சந்தியில் அப்பா இறங்குவார். ஹெல்மெட்டை என்னிடம் தந்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாருவார். பிறகு, காரை நிழலில் விடச் சொல்லிவிட்டு வருகிறவரின் நடையில் நடந்து போவார். நான் ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவள்போலப் பின்னால் போவேன். ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தில் இந்த ஏற்பாடு சிக்கலாகிவிட்டது. பாண்ட் வாத்தியக்காரப் பிள்ளைகள் காரை எதிர்பார்த்து றோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க, அப்பா பக்கத்து ஒழுங்கையால் நடந்து உள்ளே போய்விட்டார். அந்த நேரம் பார்த்து மீனுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு ஒரு லொறி வந்தது. பாண்ட் முழங்கியது. லொறிச் சாரதி இறங்கி மாலையும் போட்டுக்கொண்டதாகச் சிலர் சொல்கிறார்கள். அதை நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு விழா நடத்துகிறவர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொண்டார்கள். ஐயா நீல ஸ்கூட்டியில்தான் வருவார், அதைக் கண்டவுடன் அடியுங்கோ. ஒளிப்புமறைப்பு முடிந்தது. அப்பாவும் நானும் பாண்டுக்குப் பின்னால், நடைவேகத்தில், கால்களால் நிலத்தை உந்தியபடி பல வாசல்களுக்குள் போயிருக்கிறோம்.

விழா எனக்கு வேப்பெண்ணெய். பிரதேச செயலகத்தில் கிழமை முழுவதும் கூட்டங்களில் இருந்துவிட்டுச் சனிக்கிழமையும் வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை என்று கேட்க யாருக்குப் பிடிக்கும்? அப்பாவின் பேச்சும் ஒன்றேதான். தாளில் எழுதி வைத்திருப்பார், கண்ணாடி போட்டுத்தான் வாசிப்பார். திறக்கிற பொருளின் பெயர் மட்டும் மாறும். "இந்தக் கிணறு எமது சமூகத்தின் கலங்கரை விளக்கம்." துறைமுகத்தில் வேலை செய்தவருக்கு வேறு உவமை வராது.

நான் போனதெல்லாம் திரும்பி வருகிற வழிக்காக.

எங்கள் வீடு உவர்மலையில். கோட்டைப் பக்கக் கடற்கரை வீட்டுக்குப் போகிற வழியே இல்லை. எந்த ஊரில் விழா நடந்தாலும் அதை நாங்கள் வழியாக்கிக்கொண்டோம். அங்கே கடலோரச் சீமெந்துக் கட்டின் மேல் அப்பா பொன்னாடையை நான்காக மடித்துப் போட்டு அதன் மேல் உட்காருவார். காற்சட்டையில் உப்பு பிடிக்கக்கூடாதாம். கிண்ணியா முனீப் நானா வண்டியிலிருந்து இறால் வடை கொண்டுவந்து தருவார். அப்பாவுக்குச் சீனி வருத்தம், பிரஷர், இரண்டும் உண்டு. கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறபோது இரண்டும் கிடையாது.

பிறகு மான் வரும். கோட்டையிலிருந்து இறங்கி ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்றுக்கு ஒரு காது கிழிந்திருக்கும். அது சனிக்கிழமை பின்னேரங்களில் அப்பாவுக்காக வருவதாக அப்பா நம்பினார். மாலைக்காக வந்தது என்பதே உண்மை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாலையிலிருந்து நூலையும் ஜரிகையையும் மெல்ல உருவுவார். நூல் தொண்டையில் சிக்கிவிடுமாம். பூவை மட்டும் கையில் வைத்து நீட்டுவார்.

"பிள்ளை, உந்தச் செயலாளர் மைக்கை விழுங்கப் பாத்தவன், கண்டனியே?" என்பார்.

"நீங்கள் மட்டும் என்ன? கலங்கரை விளக்கம் எண்டு சொல்லேக்க எனக்குப் பின்னால இருந்த மனிசி குறட்டை விட்டுது."

"அது குறட்டை இல்லை. ஆமோதிப்பு."

பிறகு நன்றியுரை சொன்னவரைப் போல நின்று பேசிக் காட்டுவார். மேடையில் இருமக்கூட அனுமதி கேட்கிற மனிதர் அங்கே கையைக் காலை ஆட்டி நடிப்பார். முனீப் நானா வடைச் சட்டியை மறந்து சிரிப்பார். மான் சிரிக்காது. நல்ல சபை அதுதான் என்பார் அப்பா.

இதற்கு முடிவு முகநூலில் வந்தது. உள்ளூர்ச் செய்திப் பக்கமொன்று, விழா முடிந்து நாங்கள் திரும்பி வருகிற படத்தைப் போட்டிருந்தது. அப்பாவின் கழுத்தில் மாலை, தலையில் ஹெல்மெட், தோளில் கொடிபோலப் பறக்கிற பொன்னாடை, மடியில் நினைவுச் சின்னம். ஒரு கை என் தோளில். கீழே 'எளிமையின் சிகரம்' என்று எழுதியிருந்தார்கள்.

கொழும்பிலிருந்து இராகுலன் அண்ணா தொலைபேசி எடுத்தார்.

"எளிமையின் சிகரமாம்! என்ர ஒஃபிஸில எல்லாரும் பாத்திட்டினம்."

"நல்லதுதானே அண்ணா போட்டிருக்கு?"

"எளிமை எண்டா என்னெண்டு தெரியுமே உனக்கு? மகன் பாக்கேல்லை எண்டதுக்கு மரியாதையான சொல்லு. அப்பா ஒரு சமாதான நீதவான், தங்கச்சி. பலசரக்கு மாதிரி ஸ்கூட்டியில ஏத்திக்கொண்டு திரியிறாய்."

அடுத்த கிழமை அண்ணாவின் பழைய கார் வந்து இறங்கியது. அவர் புதிது வாங்கிவிட்டார். ஓட்டுவதற்கு அன்புவழிபுரத்து ரஜீவனையும் ஒழுங்கு செய்திருந்தார். வெள்ளைக் கார், கறுப்புக் கண்ணாடி, உள்ளே மல்லிகை வாசம். அப்பா அதை ஒருமுறை சுற்றி வந்தார். முன்பக்கத் தகரத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ம். மரியாதையான வாகனம்" என்றார்.

அம்மா கும்பிட்டாள். "அப்பாடா, இனி இந்த வயசில நீங்கள் அந்தச் சாமானில தொங்கிக்கொண்டு போகத் தேவையில்லை. கஜந்தி, உனக்கும் சனிக்கிழமை மிச்சம்."

"ஓம்" என்றேன்.

மிச்சமான முதல் சனிக்கிழமையில் நான் குளிர்சாதனப் பெட்டியைக் கழுவினேன். பின்னேரம் கார் வந்து நின்றது. ரஜீவன் ஓடிவந்து கதவைத் திறந்தான். அப்பா இறங்கினார். மாலை கழுத்தில் அப்படியே இருந்தது. பொன்னாடை கடையில் மடித்த மடிப்புக் கலையாமல் கையில் இருந்தது. மீசையில் ஒரு வடைத்தூள் இல்லை.

"எப்பிடி விழா?"

"சிறப்பு" என்றார். அது மேடையில் சொல்கிற சொல். வீட்டில் அவர் அப்படிக் கதைப்பதில்லை.

மாலையை அம்மா குசினி யன்னல் கம்பியில் கொழுவினாள். அது அங்கேயே காய்ந்தது. அடுத்த சனிக்கிழமை அதன் பக்கத்தில் இன்னொன்று வந்தது.

ரஜீவனிடம் மெல்ல விசாரித்தேன். "வரேக்க எங்கையும் நிப்பாட்டினனீங்களோ?"

"இல்லை அக்கா. இராகுலன் அண்ணை வடிவாச் சொல்லி விட்டவர். ஐயாவுக்கு எண்ணெய்ச் சாமான் வாங்கிக் குடுக்கக்கூடாதாம், உப்புக்காத்தும் கூடாதாம். ஐயா கோட்டைக் கடற்கரைப் பக்கம் விடச் சொன்னவர்தான். நான் கண்ணாடியை இறக்காமல் ஒரு வட்டம் சுத்திக் காட்டிப்போட்டுக் கொண்டுவந்து விட்டனான்."

வெளிநாட்டுப் பிரமுகருக்குக் காட்டுவதுபோல அப்பாவுக்கு அவருடைய கடற்கரையைச் சுற்றிக் காட்டியிருக்கிறான். அவன் மேல் பிழையில்லை. சொன்னதைச் செய்கிற பிள்ளை.

கந்தோரில் வேலை முடிந்து ஒருநாள் நானே அந்தப் பக்கம் போனேன். முனீப் நானா கரண்டியை வைத்துவிட்டு வந்தார்.

"ஐயாக்கு என்ன தங்கச்சி? சுகமில்லையா?"

"சுகம்தான் நானா. இப்ப காரில போறார்."

"ஓ, அந்த வெள்ளக் காரா? உள்ளுக்கு ஆர் எண்டு தெரியல்ல, நான் சலாம் வச்சன்" என்றார். "மான் வந்து நிண்டு பாத்துட்டுப் போகுது. நானும் நாலு இறால் வடைய எடுத்து வச்சுட்டு நிண்டு பாத்துட்டுப் போறன்."

அப்பாவிடம் நேரே கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் இப்படியானவற்றை நேரே கேட்கிற பழக்கமில்லை. காரை வேண்டாமென்றால் மகன் மனம் நோகும். அதைவிட, ஒரு பிரதம அதிதி தன் வாயால் 'எனக்குக் கார் வேண்டாம், மகளின் முதுகுக்குப் பின்னால் இருந்துதான் போவேன்' என்று எப்படிச் சொல்வார்? ஒருவேளை கார் அவருக்கு உண்மையிலேயே பிடித்திருக்கலாம். அந்த யோசனைதான் என்னை அதிகம் குடைந்தது. நான் வேப்பெண்ணெய் குடித்ததெல்லாம் அந்தக் கட்டுக்காக. அவருக்குக் கட்டு ஒரு பொருட்டில்லையென்றால், அத்தனை சனிக்கிழமையும் நான் ஒரு சாரதி மட்டும்தானே? கிழமை நாட்களில் நாங்கள் இருவரும் கதைப்பது 'மருந்து போட்டனீங்களோ', 'போட்டனான்' என்பதோடு சரி.

மூன்றாவது சனிக்கிழமை சாம்பல்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் துவிச்சக்கர வண்டித் தரிப்பிடத் திறப்பு விழா. தரிப்பிடம் என்றால் நாலு இரும்புத் தூண், மேலே தகரம். அதற்கு மூன்று தட்டு அதிதிகளும் உண்டு, பாண்டும் உண்டு. சனிக்கிழமையென்றும் பாராமல் பிள்ளைகளைச் சீருடையில் வரவழைத்திருந்தார்கள்.

அப்பா காரில் போய்க் கொஞ்ச நேரத்தில் அம்மா கத்தினாள்.

"எடி கஜந்தி! உன்ர அப்பா கண்ணாடியை விட்டிட்டுப் போட்டார். வாசிக்க ஏலாமல் மேடையில நிண்டு முழிக்கப்போறார். மனிசனுக்கு மறதி வரத் தொடங்கிட்டுது."

"எங்கை கிடக்கு?"

"எங்கை எண்டு கேக்கிறாய், உன்ர ஹெல்மெட்டுக்கு மேல வச்சிட்டுப் போயிருக்கிறார்."

கண்ணாடிக்கூடு ஹெல்மெட்டின் உச்சியில், உருளாமல், கவனமாக வைத்ததுபோல இருந்தது. நான் அதைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை. கூட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததை ரஜீவன் பிறகு சொன்னான். கார் வாசலுக்குப் போனதும் ஓர் ஆசிரியர் கையைக் காட்டி மறித்திருக்கிறார்.

"தம்பி, காரை மதிலோட ஒதுக்கி விடும். பிரதம அதிதி வாற நேரம்."

"சேர், பிரதம அதிதி உள்ளுக்குத்தான் இருக்கிறார்."

ஆசிரியர் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவருடைய முகம்தான் தெரிந்தது. "பகிடி விடாதையும். ஐயா நீல ஸ்கூட்டியிலதான் வருவார், எங்களுக்குத் தெரியும். கௌரவ அதிதிமார் எண்டா இறங்கி நேரே மண்டபத்துக்குப் போகலாம்."

அப்பா கண்ணாடியை இறக்கி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. "ஐயா, நான் அதிபரிட்டைப் போய்ச் சொல்லட்டோ?" என்று ரஜீவன் கேட்டதற்கு, "அவையள் ஒரு ஒழுங்கு வச்சிருக்கினம், அதைக் குழப்பக்கூடாது. இரும்" என்றாராம். சொல்லிவிட்டு மதிலோரமாக, காரின் ஏசிக் குளிரில், பேச்சுத் தாளால் தொடையைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

எனக்கு இதொன்றும் தெரியாது. நான் சந்தி திரும்பியதும் பாண்ட் முழங்கியது.

நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து இன்னும் பலமாக அடித்தார்கள். பன்னீர் தெளித்தார்கள். அதிபர் ஓடிவந்து மாலையை உயர்த்தினார். அது என் கழுத்துக்குப் போகவில்லை, ஹெல்மெட்டில் கொழுவிக்கொண்டு நின்றது. சந்தனக் கும்பாவோடு வந்த பிள்ளை பொட்டு வைக்க நெற்றியைத் தேடி, கிடைக்காமல், ஹெல்மெட் கண்ணாடியில் வைத்தாள். எனக்கு ஒரு கண் மறைந்தது.

அப்போதுதான் அதிபர் என் பின்னால் பார்த்தார். ஆசிரியர்கள் பார்த்தார்கள். பாண்ட் ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. எல்லோரும் வெறும் பின் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா எங்கை?" என்று கேட்டார் அதிபர்.

"வழியில விழுந்திட்டாரோ?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மதிலோரம் கார்க் கதவு திறந்தது. ரஜீவன் ஓடிப்போவதற்கு முன் அப்பா தானே இறங்கினார். சீப்பை எடுத்துத் தலையை வாரினார். மண்டபத்தைப் பார்க்கவில்லை, தரிப்பிடத்தைப் பார்க்கவில்லை, கௌரவ அதிதிகள் வரிசையாக எழுந்து நின்றதையும் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தார். ஹெல்மெட்டிலிருந்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை, கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி இரு."

இருந்தேன். காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். கை பழையபடி என் தோளுக்கு வந்தது.

"ம், போ. பிள்ளையள் வெயிலில நிக்கினம்."

பாண்ட் முதலிலிருந்து தொடங்கியது. பின்னால் நாங்கள் போனோம். எங்களுக்குப் பின்னால், இரண்டாந்தர மரியாதையோடு, வெள்ளைக் கார் காலியாக வந்தது.

விழா வழமைபோல நடந்தது. வரவேற்புரைக்காரர் தரிப்பிடம் வருவதற்கு முன் பள்ளிக்கூடத்துச் சைக்கிள்கள் பட்ட துன்பத்தை உருக்கமாக எடுத்துச் சொன்னார். சிறப்பு அதிதி இரண்டாவது திரியை ஏற்றப்போக, அது தனக்குத்தான் என்று நினைத்திருந்த கௌரவ அதிதியும் அதையே ஏற்ற, இருவருடைய மெழுகுதிரிகளும் மோதி அணைந்தன. பிறகு அப்பா எழுந்தார். தாளை விரித்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தத் துவிச்சக்கர வண்டித் தரிப்பிடம் எமது சமூகத்தின் கலங்கரை விளக்கம்" என்று தெளிவாக, ஒரு சொல் தடக்காமல் வாசித்தார்.

நான் என் கைப்பையைத் திறந்து பார்த்தேன். கண்ணாடிக்கூடு உள்ளே இருந்தது. கொடுக்க மறந்துவிட்டிருந்தேன். அவர் போட்டிருந்தது பழைய கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, அலுமாரியின் அடித்தட்டில் கிடப்பது. அது தானாக நடந்துவந்து சட்டைப்பைக்குள் ஏறாது.

தாள் முடிந்த பிறகும் அப்பா உட்காரவில்லை. இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

"இன்னொன்றையும் இவ்விடத்தில் கூற விரும்புகிறேன். நான்கு சில்லு வாகனம் மதிப்பானது. அதை அனுப்பியவரின் அன்பை நாம் மறக்கலாகாது. ஆனால் இரண்டு சில்லில் போகிறபோதுதான் ஒரு மனிதன் இன்னொரு மனிதரைப் பிடித்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது."

சபை பலமாகக் கைதட்டியது. சைக்கிளைப் பற்றிய ஆழமான கருத்து என்று தலைமையாசனத்திலிருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். முகநூல் பக்கத்துப் பெடியன் முழுவதையும் கைபேசியில் பிடித்துக்கொண்டிருந்தான். அப்பா அவனுடைய பக்கம் பார்த்துத்தான் பேசினார். பேச்சு கொழும்புக்குப் போகவேண்டியது என்பது எனக்கு மட்டும் விளங்கியது.

விழா முடிந்ததும் நினைவுச் சின்னத்தைக் காரின் பின் இருக்கையில் வைத்து, தன் கையாலேயே பெல்ட்டைப் பூட்டினார்.

"ஐயா, நீங்கள் ஏறேல்லையோ? இராகுலன் அண்ணை கேட்டா நான் என்ன சொல்ல?" ரஜீவனின் முகம் விழுந்துவிட்டது.

"பிரதம அதிதி காரில வந்தவர் எண்டு சொல்லும். வந்தது உண்மைதானே? போய் வீட்டில அம்மாவைக் கேளும், நிலாவெளியில தமக்கை வீட்டை போகவேணும் எண்டு எத்தினை நாளா நிக்கிறா. அவவை ஏத்திக்கொண்டு போம். கண்ணாடியை மட்டும் இறக்கி விடும், ஊருக்கு அவவைத் தெரியவேணும்."

கார் நினைவுச் சின்னத்தை ஏற்றிக்கொண்டு குளிரக் குளிரப் போனது. நாங்கள் உப்புவெளி தாண்டி, நகரத்துக்குள் வந்து, உவர்மலைக்குத் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போனோம். தோளிலிருந்த கை ஒருமுறை தட்டியது.

முனீப் நானா தூரத்தில் கண்டதுமே வடையைச் சட்டிக்குள் போட்டுவிட்டார்.

"என்ன ஐயா, கார் பழுதா?"

"கார் நல்லம் முனீப். எனக்குத்தான் கொஞ்சம் பழுது. காத்துப் பிடிக்கவேணும்."

அப்பா பொன்னாடையை நான்காக மடித்துக் கட்டின் மேல் போட்டு உட்கார்ந்தார். முதல் வடையை என்னிடம் தராமல் தானே கடித்தார். இரண்டு விளக்குத் திரிக்காரர்களையும் நடித்துக் காட்டினார், மெழுகுதிரிக்குப் பதில் இரண்டு இறால் வடைகளை மோதவிட்டு. கிழிந்த காது மான் கோட்டைப் பக்கமிருந்து வந்து, கொஞ்சம் தள்ளி, கோபித்துக்கொண்ட உறவுக்காரர்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

"வா வா. பிழைதான்" என்றார் அப்பா. சட்டைப்பையிலிருந்து கறுப்புச் சட்டக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மாலையிலிருந்து நூலை உருவத் தொடங்கினார்.

நான் கைப்பையிலிருந்து கூட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"இந்தாங்கோ. மறந்துபோய் விட்டிட்டுப் போனீங்கள்."

அப்பா கூட்டைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். ஒரு பூவை மானுக்கு நீட்டினார்.

"உன்னட்டையே இருக்கட்டும் பிள்ளை" என்றார். "வாற சனிக்கிழமையும் மறப்பன்."